தீப்பெட்டி மொத்த வியாபாரம்: விடலாமா, வைத்துக்கொள்ளலாமா? கடலூர், புதுச்சேரி கடைக்காரர்கள் சொல்லுங்க

முதுநகர் மொத்தக்கடை | 18 ஜனவரி 2025

வணக்கம். கடலூர் முதுநகரில் எங்க மாமனார் காலத்திலிருந்தே தீப்பெட்டி, கற்பூரம், விளக்குத்திரி, ஊதுபத்தி மொத்த வியாபாரம் நடக்குது. இப்போ கடையை நான்தான் பார்த்துக்கிறேன். நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ தண்ணி குடோனுக்குள்ள வரல. ஆனா நாலஞ்சு நாள் வெயிலே இல்லாம சுவரெல்லாம் ஊறிப் போய், சுவரை ஒட்டி அடுக்கின பண்டல் அத்தனையும் நமுத்துப் போச்சு. பிரிச்சுப் பார்த்தா பெட்டி நல்லாத்தான் இருக்கு. குச்சியை உரசினா மருந்து மாவா உதிருது.

சரக்கு போனதைவிட, பொங்கல் கணக்கு முடிச்சப்போ வந்த யோசனைதான் பெருசா இருக்கு. குடோனில் பாதி இடம் தீப்பெட்டிக்கு. அதுல வர்ற லாபம் கற்பூர அலமாரி ஒண்ணுல வர்றதுக்கு ஈடாகல. வீட்டுல, "தீப்பெட்டியை விட்டுட்டு லைட்டர், கற்பூரம் மட்டும் வச்சுக்கலாம்"னு சொல்றாங்க. சுத்துப்பட்டுப் பெட்டிக்கடைகள் எல்லாம் எங்களை "தீப்பெட்டிக் கடை"ன்னுதான் சொல்லும். அதை விட மனசு வரல. ஆனா மனசுக்காக வியாபாரம் பண்ண முடியாதே. இந்த லைனில் இருக்கறவங்க கணக்கோட சொல்லுங்க.

லாரன்ஸ் ரோடு மளிகை | 18 ஜனவரி

அக்கா, சில்லறை பக்கம் நடந்தது இதுதான். தீப்பெட்டி ஒரு ரூபாயா இருந்த காலத்தில் அது பாதி சரக்கு, பாதி சில்லறை. ஒரு ரூபாய் பாக்கி தரணும்னா தீப்பெட்டியை எடுத்து நீட்டிடுவோம், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. 2021 டிசம்பர் ஒண்ணாம் தேதி இரண்டு ரூபாய் ஆனதும் அந்தப் பழக்கம் பாதி போச்சு. போனை நீட்டி ஸ்கேன் பண்ணிப் பணம் போட ஆரம்பிச்சதும் மீதியும் போச்சு. இப்போ சரியா பதினெட்டு ரூபாய் போட்டுட்டுப் போறாங்க, பாக்கியே கிடையாது.

இன்னொண்ணு, கேஸ் அடுப்பு வச்ச வீட்டில் அடுப்பு லைட்டர் இருக்கு. தீப்பெட்டி இப்போ சாமி விளக்குக்கும் பீடி குடிக்கிறவங்களுக்கும்தான். என் கடையில் விக்கிறது நிக்கல, மெதுவாயிடுச்சு. வெள்ளிக்கிழமையும் கார்த்திகை மாசமும் மட்டும் பழைய வேகத்தில் போகுது.

பாகூர் லைன் வண்டி | 18 ஜனவரி

நான் பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் பக்கம் வண்டியில் கடை கடையா சரக்கு போட லைன் போறவன். அக்கா, தீப்பெட்டியில் என்ன லாபம்னு பார்க்காதீங்க, தீப்பெட்டி இல்லாம வண்டி போனா என்ன நஷ்டம்னு பாருங்க.

பெட்டிக்கடைக்காரர் முதல்ல கேக்கறது பீடி, தீப்பெட்டி, பாக்கு. இந்த மூணுக்குத்தான் வண்டியை நிறுத்துவாரு. நிறுத்தின பிறகுதான் கற்பூரம் காட்ட முடியும், ஊதுபத்தி காட்ட முடியும். ஒரு மாசம் நான் தீப்பெட்டி ஏத்தாம போனா, வேற வண்டிக்காரன் ஏத்திக்கிட்டு வருவான். கடைக்காரர் அவன்கிட்டயே மத்ததையும் வாங்கிக்குவாரு. என் லைன் அதோட போச்சு.

இடம் அடைக்குதுன்னு சொல்றது நிஜம். ஆனா அது இடத்தைத்தான் அடைக்குது, பணத்தை அடைக்கல. அதே அளவு இடத்துக்குக் கற்பூரம் நிரப்பணும்னா எவ்வளவு முதல் போடணும்னு கணக்கு போட்டுப் பாருங்க.

கோவில்பட்டி டெஸ்பாட்ச் | 19 ஜனவரி

நான் உற்பத்தி பக்கத்து ஆள். எங்கம்மா தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், கட்டை அடுக்கினவங்க (குச்சியைச் சட்டத்தில் அடுக்குற வேலை). நான் இப்போ கோவில்பட்டியில் ஒரு யூனிட்டில் சரக்கு அனுப்புற வேலை பார்க்கேன். லாபக் கணக்கு கேட்டீங்க, முதல்ல பெட்டியோட கணக்கைச் சொல்றேன்.

பண்டலுக்கு 600 பெட்டி. 2021 அக்டோபரில் விலையை ஏத்த முடிவு பண்ணுன வரைக்கும் உற்பத்தியாளர் அதை 270-லேருந்து 300 ரூபாய்க்குத்தான் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. வரியும் லாரி வாடகையும் தனி. புது விலையா அறிவிச்சது 430-லேருந்து 480. பெட்டிக்கு வகுத்தா 72 பைசாவிலிருந்து 80 பைசா. கடையில் விலை ரெண்டு ரூபாய். அப்போ இருந்த 12 சதவீத வரியைப் போட்டாலும் 90 பைசாவைத் தாண்டாது. மிச்சம் ஒரு ரூபாய் பத்து பைசா வாடகை, ஏஜென்ட், மொத்தக்கடை, லைன் வண்டி, சில்லறைக்கடைன்னு வழியில் பிரியுது. அதனால சதவீதத்தில் பார்த்தா தீப்பெட்டி மோசமான சரக்கே கிடையாது அக்கா. ரூபாயில் பார்க்கும்போதுதான் சின்னதாத் தெரியும்.

விலையை ஏன் ஏத்தினாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். 1995-ல ஐம்பது பைசா, 2007-ல ஒரு ரூபாய். அதுக்குப் பிறகு பதினாலு வருசம் அதே விலை. அதுக்குள்ள சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425-லேருந்து 810 ஆயிருச்சு. மெழுகு 58-லேருந்து 80. வெளிப்பெட்டி அட்டை 36-லேருந்து 55, உள்பெட்டி அட்டை 32-லேருந்து 58. மொத்தம் பதினாலு மூலப்பொருள், எல்லாமே ஏறுச்சு. சும்மா ரெண்டு ரூபாய் ஆக்கல, பெட்டிக்கு 36 குச்சி இருந்ததை 50 ஆக்குறோம்னு சொல்லித்தான் ஏத்தினாங்க. நீங்க சரக்கு எடுக்கும்போது ஏதாவது ஒரு பெட்டியைப் பிரிச்சுக் குச்சியை எண்ணிப் பாருங்க. எண்ணிக்கையில் ஏமாத்துற யூனிட் மருந்திலும் ஏமாத்தும்.

லைட்டர் பத்தி நாளைக்கு எழுதுறேன். அது எங்களுக்கு வயித்துப்பாட்டுப் பிரச்சினை, அவசரத்தில் எழுத முடியாது.

முத்தியால்பேட்டை லைட்டர் | 19 ஜனவரி

நான் எதிர்த் தரப்பு. புதுச்சேரியில் லைட்டர், கீ செயின், பேட்டரி மொத்தமா கொடுக்கிறேன். அக்காவோட வீட்டுக்காரங்க சொல்றதில் நியாயம் இருக்கு. லைட்டர் ஒரு அட்டைப் பெட்டி மேசை டிராயரில் அடங்கும். நமுக்காது. சில்லறை விலை பத்து ரூபாய், கடைக்காரருக்கு ஒரு லைட்டரில் கிடைக்கிறது நாலஞ்சு தீப்பெட்டி வித்தாத்தான் கிடைக்கும். புயல் வந்தா துடைச்சு அலமாரியில் வச்சுடலாம். காலம் மாறிடுச்சு. பத்து ரூபாய் கொடுத்து மாசக்கணக்கில் வச்சுக்கிறதைத்தான் ஜனங்க விரும்புறாங்க.

தேவனாம்பட்டினம் வலை | 19 ஜனவரி

லைட்டரு நமுக்காதுன்னு சொன்ன அண்ணன் ஒரு வாட்டி கடலுக்கு வரணும். நாலு நாளு தங்கு கடலு போனா லைட்டரு சக்கரம் உப்புக் காத்துல துருப்புடிச்சு சுத்தாது. கேஸு உள்ள இருக்கும், பொறி வராது. காத்து அடிச்சா பத்தினாலும் நிக்காது. நாங்க போட்டுல ரெண்டுமே வச்சிருப்போம். தீப்பெட்டிய பாலிதீன் கவர்ல சுருட்டி, வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு இறுக்க மூடி, அரிசி மூட்டை மேல வச்சிருவோம். கரையேறுற வரைக்கும் அது பத்தும். சமையலுக்கு நம்புறது அதைத்தான்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர் | 19 ஜனவரி

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். அம்மா, உங்கள் சரக்கு ஏன் கெட்டது என்று தெரிந்தால் அடுத்த மழையில் காப்பாற்றலாம்.

குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம் முதலியவை இருக்கின்றன. இவற்றைப் பிடித்து வைத்திருப்பது பசை. காற்றில் ஈரம் ஏறினால் பசை அதை உறிஞ்சி இளகுகிறது. இளகிய தலையை உரசினால் சூடு உண்டாவதற்கு முன்பே மருந்து உதிர்ந்துவிடுகிறது. பெட்டியின் பக்கவாட்டில், உரசும் பட்டையில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ் கலவை. அதுவும் ஈரத்தில் இளகி வழுக்கும். வெயிலில் காயவைத்தால் சில குச்சிகள் பற்றும், ஆனால் பட்டை பழைய நிலைக்கு வராது. எனவே நமுத்த பண்டலைக் காயவைத்து விற்க வேண்டாம். ஒரு பெட்டியில் பத்துக் குச்சி பற்றவில்லை என்றால் வாங்கியவர் கடைக்காரரைத்தான் கேட்பார், கடைக்காரர் உங்களைக் கேட்பார்.

தலையையும் பட்டையையும் பிரித்து வைத்திருப்பதுதான் இதன் பாதுகாப்பு. பழைய காலத்தில் வெள்ளை பாஸ்பரஸைத் தலையிலேயே வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகிப் போயிற்று. 1906-ல் பெர்ன் நகரில் உடன்படிக்கை செய்து பல நாடுகள் அதைக் கைவிட்டன. இந்தியாவிலும் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. குடோனில் எலி கடித்துப் பிரித்த பண்டல்களை அப்படியே விட்டுவைத்தால் உதிர்ந்த குச்சியும் பெட்டிப் பட்டையும் ஒன்றோடொன்று உராயும் நிலை வரும். பிரிந்த பெட்டிகளை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள்.

அடுக்கும்போது தரையிலும் சுவரிலும் படக் கூடாது. கீழே மரப் பலகை, சுவருக்கும் பண்டலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. உப்பு மூட்டையும் வெல்லமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை, அவற்றின் பக்கத்தில் தீப்பெட்டி வேண்டவே வேண்டாம்.

முதுநகர் மொத்தக்கடை | 19 ஜனவரி

ஐயா, ரொம்ப நன்றி. சுவர் ஓரத்துப் பண்டல் மட்டும் ஏன் கெட்டுச்சுன்னு இப்போ புரியுது. நடு வரிசையில் இருந்தது எல்லாம் நல்லாவே பத்துது. நமுத்ததை விக்கிற எண்ணம் எனக்கும் இல்லை, தனியா ஒதுக்கி வச்சுட்டேன்.

வில்லியனூர் பூசைப்பொருள் | 20 ஜனவரி

கற்பூரம் மட்டும் வச்சுக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கற்பூரம் ஈரத்துக்குப் பயப்படாது, காத்துக்குப் பயப்படும். மூடி சரியில்லாத டப்பாவில் வச்சா திடமா இருக்கும்போதே ஆவியாகி எடை குறையும். கிலோ கணக்கில் வாங்கி, கிராம் கணக்கில் காத்துக்குக் கொடுத்த கதையாயிடும். கோடையில் தகரக் கொட்டகையில் வச்சா இன்னும் வேகமாப் போகும். பக்கத்துல டீத்தூள், பிஸ்கட் இருந்தா அதிலும் வாசனை ஏறிடும், அந்த டீத்தூளை யாரும் வாங்க மாட்டாங்க. இறுக்க மூடுற டிரம்மில் போட்டு, மேல பாலிதீன் உறை கட்டி, தனி அறையில் வையுங்க.

விலையும் ஒரே மாதிரி நிக்காது. இப்போ கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் பைன் மரத்து டர்பென்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யற கற்பூரம். அந்த மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருது. அங்க விலை ஏறினா இங்க ஏறும். தரம் பார்க்க, ஒரு வில்லையைச் சுத்தமான தட்டில் கொளுத்துங்க. எரிஞ்சு முடிஞ்ச பிறகு தட்டில் பிசுக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. மெழுகு கலந்திருந்தா மிஞ்சும்.

விற்பனை கோயில் நாள் கணக்கில்தான். வர்ற 29-ம் தேதி தை அமாவாசை. மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போற வண்டிக்கு இப்பவே கட்டிக்கிட்டு இருக்கோம். அங்க நள்ளிரவில் கூட்டம் மொத்தமும் கையில் கற்பூரம் ஏத்தி நிக்கும். அடுத்து மாசி மகம், வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வரும். உங்க பக்கம் தேவனாம்பட்டினத்துக்கும் வரும். இந்த நாட்களுக்கு நடுவுல கற்பூரம் தூங்கும். தீப்பெட்டி தினசரி ஓடுற சரக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் கடை ஓடும்ங்கறது என் அனுபவம்.

கோவில்பட்டி டெஸ்பாட்ச் | 20 ஜனவரி

சொன்னபடி எழுதுறேன். முத்தியால்பேட்டை அண்ணாச்சி, உங்க வியாபாரத்தைக் குறை சொல்லல. ஆனா பத்து ரூபாய் லைட்டர் எங்கேருந்து வருதுன்னு அக்காவுக்குச் சொல்லியிருக்கணும்.

2022 செப்டம்பரில் அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதுன கடிதத்தில், ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருபது தீப்பெட்டிக்கு மாற்றா நிக்குதுன்னு குறிப்பிட்டிருந்தார். இருபது தீப்பெட்டின்னா நாப்பது ரூபாய் வியாபாரம். அதை ஒரு பத்து ரூபாய்ப் பொருள் அடிச்சிட்டுப் போகுது. இந்தத் தொழில்ல நேரடியா லட்சம் பேருக்கு மேல, அதுல பெரும்பாலும் பெண்கள். எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. மழை தப்புன வருசம் வயல்ல வேலை இருக்காது, தீப்பெட்டி ஆபீசில் இருக்கும். எங்கம்மா எங்களைப் படிக்க வச்சது அந்தக் கூலியில்தான்.

2023 ஜூன் மாசம் மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. இந்தியத் துறைமுகத்தில் வந்து இறங்குற விலை ஒண்ணுக்கு 20 ரூபாய்க்குக் கீழ இருந்தா அந்த லைட்டரை இறக்குமதி பண்ணக் கூடாது. உடனே சிலர் பாகங்களா வரவழைச்சு இங்க மாட்டி விக்க ஆரம்பிச்சாங்க. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை வந்துச்சு. அப்படியிருக்க, கடையில் பத்து ரூபாய்க்கு விக்கிற லைட்டர் இங்கேயே முழுசா செஞ்சதா இருக்கணும், இல்ல தடைக்கு முந்தின சரக்கா இருக்கணும், இல்ல வேற வழியில் வந்திருக்கணும். பில் இல்லாம வாங்குனா மாட்டுறது கடைசியா வச்சிருக்கறவங்கதான்.

முத்தியால்பேட்டை லைட்டர் | 20 ஜனவரி

தங்கச்சி சொன்ன சட்டம் சரிதான், மறுக்கல. நான் பில்லோட வர்ற சரக்குதான் எடுக்கிறேன், இப்போ அதன் வரத்து குறைஞ்சிருக்கு, விலையும் கூடியிருக்கு. அக்காவுக்கும் அதையே சொல்றேன், பில் கொடுக்காத ஆளிடம் வாங்காதீங்க. இன்னொரு விஷயத்தை நானே சொல்லிடறேன். அக்னி நட்சத்திரத்தில் லைட்டர் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழ வைக்கக் கூடாது. உள்ள இருக்கறது அழுத்தத்தில் அடைச்ச கேஸ். மட்டமான சரக்கு கசியும். கற்பூர அறைக்குள்ள லைட்டர் பெட்டி போகவே கூடாது.

கடலூர் கணக்குப்பிள்ளை | 20 ஜனவரி

வரி பற்றி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18-ம் இருந்தன. 2020 ஏப்ரல் 1-ல் எல்லாவற்றுக்கும் 12 ஆக்கினார்கள். எது கையால் செய்தது என்ற தகராறு அதோடு முடிந்தது.

கடலூரும் புதுச்சேரியும் ஒரே ஊர் மாதிரி போய்வருகிறோம். ஆனால் எல்லையை ஒட்டிய கன்னியக்கோயில் தாண்டினால் வேறு மாநிலக் கணக்கு. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) பதிவு செய்த மொத்த வியாபாரி அடுத்த மாநிலத்துக்கு விற்கவே முடியாது. வாங்கலாம், விற்க முடியாது. அம்மா, நீங்கள் பாகூர் பக்கம் லைன் வண்டிக்குச் சரக்கு கொடுப்பதாக இருந்தால் உங்கள் பதிவு எந்த வகை என்று முதலில் பாருங்கள். மேலே பேசிய எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி இதுதான்.

லாரன்ஸ் ரோடு மளிகை | 20 ஜனவரி

கேக்கலாம்னு ஒண்ணு. கொஞ்ச சரக்குன்னா கோவில்பட்டியிலிருந்து ரயிலில் பையில் கொண்டு வந்துடலாமா? வாடகை மிச்சமாகும்.

கடலூர் கணக்குப்பிள்ளை | 20 ஜனவரி

வேண்டவே வேண்டாம் தம்பி. ரயிலில் தீப்பற்றும் பொருள் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டம் ஒரு பக்கம், ஒரு ரயில் பெட்டி நிறைய மனிதர்கள் இருக்கிறார்கள். லாரி ஆபீஸ் வழியாகவே வரட்டும்.

பாகூர் லைன் வண்டி | 21 ஜனவரி

அக்கா, கடன் பத்தி யாரும் பேசல, அதனால சொல்றேன். இந்த லைனில் சரக்கைக் கெடுக்கிறது ஈரம்னா, கடையைக் கெடுக்கிறது பாக்கி. தீப்பெட்டி சின்னத் தொகைதானேன்னு அடுத்த வாரம் தர்றேன், அதுக்கு அடுத்த வாரம் தர்றேன்னு ஒவ்வொரு கடையிலும் நிக்கும். ஒரு கடையில் பார்த்தா சின்னது, முழு லைனுக்கும் கூட்டினா நம்ம முதலே அங்க நிக்கும். நான் தீப்பெட்டியை மட்டும் ரொக்கத்துக்குத்தான் இறக்குவேன். ஊதுபத்திக்கு வேணும்னா ஒரு வாரம் தவணை. ஆரம்பத்தில் முணுமுணுத்தாங்க, இப்போ பழகிட்டாங்க. தினமும் காசாகிற சரக்குக்குத் தினமும் காசு கொடுக்க அவங்களால முடியும்.

முதுநகர் மொத்தக்கடை | 22 ஜனவரி

எல்லாரும் எழுதினதை வீட்டில் உக்காந்து சத்தமாப் படிச்சுக் காட்டினேன். மாமனார் முழுசாக் கேட்டாரு. கோவில்பட்டித் தங்கச்சி எழுதின பண்டல் கணக்கை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு.

தீப்பெட்டியை விடல. ஆனா லோடு லோடா எடுத்து மாசக்கணக்கில் அடுக்குறது இனி கிடையாது. இப்போலேருந்து ஆவணி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வரவழைக்கப் போறோம். ஐப்பசி மழைக்கு முன்னாடி கார்த்திகைக்கு வேண்டியதை மட்டும் நிரப்பி, நடு குடோனில் பலகை மேல அடுக்குவோம். சுவர் ஓரம் காலியா இருக்கும், அங்க எதையும் வைக்கப் போறதில்லை. கற்பூரத்துக்கு மூடி டிரம் சொல்லியாச்சு. லைட்டர் பில்லோட வந்தா கொஞ்சம் வச்சுக்குவோம், கற்பூரத்துக்கு எதிர்ப்பக்க அறையில்.

கணக்குப்பிள்ளை ஐயா, பதிவை எடுத்துப் பார்த்தேன். சாதாரண வகைதான், காம்போசிஷன் இல்லை. எல்லை தாண்டி விக்கலாம்னு எடுத்துக்கலாமா?

கடலூர் கணக்குப்பிள்ளை | 22 ஜனவரி

தாராளமாக. ஒவ்வொரு பில்லிலும் வாங்குபவரின் மாநிலத்தைச் சரியாகக் குறியுங்கள், வெளிமாநில வரியைப் போடுங்கள்.

பாகூர் லைன் வண்டி | 22 ஜனவரி

அப்போ வர்ற வாரத்திலிருந்து என் தீப்பெட்டியை உங்ககிட்டயே எடுக்கிறேன் அக்கா. செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி வரும். எங்க ஊர் மரப்பட்டறையில் பழைய சவுக்குப் பலகை கிடக்கு, விலை கேட்டு வைக்கட்டுமா? வெறும் வண்டியாத்தான் வருவேன், அப்படியே ஏத்திக்கிட்டு வந்துடறேன்.

முதுநகர் மொத்தக்கடை | 22 ஜனவரி

கேட்டு வைங்க தம்பி. நாலடி நீளம் இருந்தா போதும். தீப்பெட்டிக்கு ரொக்கம் கொண்டு வந்துடுங்க.